இருளைக் கலைக்காத விளக்கு

நுழையும்முன்

கண்ணாடித்தொட்டியில் நீந்தும் மீன்களைப் பகலில் பலரும் கண்டு மகிழ்வர். விளக்கை அணைத்தபின் அதே தொட்டியில் நிகழ்வனவற்றை அறிந்தோர் மிகச் சிலரே. மீன்களின் வாழ்வில் ஏறத்தாழப் பாதி, இருளில்தான் கழிகிறது. அந்தப் பாதியை அவற்றுக்கு இடையூறு இன்றிக் காண்பது எவ்வாறு என்பதையும், அவ்வாறு காண்பதால் விளையும் பயன் யாது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

1. ஒரு வீடும் ஒரு வினாவும்

மட்டாஞ்சேரி, கொச்சி நகரின் பழைய வணிகப் பகுதி. மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள், 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடம், போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனை ஆகியவை அங்கு உள்ளன. மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி எனப் பல மொழி பேசுவோர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர்.

அத்தெருக்களுள் ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கருத்தில் கொள்க. அவ்வீட்டின் முன்னறையில் நான்கடி நீளமுள்ள மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் நீர்ச்செடிகள் அடர்ந்து வளர்ந்துள்ளன. பண்ணையில் வளர்க்கப்பட்ட செங்கணியான் மீன்கள் பத்தும், மஞ்ஞக்கூரி ஒன்றும் அதில் வாழ்கின்றன. செங்கணியான்கள் பகல் முழுவதும் கூட்டமாக விரைந்து நீந்தும். மஞ்ஞக்கூரியோ மரக்கட்டையின் அடியில் ஒளிந்தே கிடக்கும். இரவில்தான் வெளியே வரும்.

ஒரு திங்களுக்குள் இரண்டு செங்கணியான்கள் இறந்தன. இரண்டும் விடியற்காலையிலேயே இறந்து மிதந்தன. "போகட்டும். வீட்டின்மேல் விழுந்த கண்ணேற்றை மீன் ஏற்றுக்கொண்டது" என்று பாட்டி ஆறுதல் கூறினார். தந்தையாரின் ஐயம் வேறாக இருந்தது. "இரவில் நடமாடுவது கூரி ஒன்றுதான். அதுவே மற்றவற்றைத் துன்புறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை அதனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றார்.

எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் சற்றுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், "அப்பா, கூரி கடித்ததை யாரும் பார்க்கவில்லையே. ஒரே ஓர் இரவு பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?" என்று கேட்டாள்.

தந்தையார் இசைந்தார். ஆனால் இருளில் பார்ப்பது எப்படி? விளக்கை ஏற்றினால் இரவு பகலாகிவிடும். ஏற்றாவிட்டால் ஒன்றும் புலப்படாது.

2. இமையா விழிகள்

மீன்களுக்கு மனிதருக்கு உள்ளவை போன்ற இமைகள் இல்லை. ஆதலால் அவை உறங்குவதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணம். பெரும்பாலான மீன்கள் இரவிலோ பகலிலோ அசைவு குறைந்து, சூழலுக்கு மெதுவாகவே எதிர்வினை ஆற்றும் ஓய்வுநிலையை அடைகின்றன. தெற்காசிய நீர்நிலைகளைச் சேர்ந்த வரிக்குதிரை மீன்களை ஆய்வுக்கூடங்களில் கூர்ந்து நோக்கிய அறிஞர், அவற்றின் இரவு ஓய்வு உறக்கமே என்று அறிந்தனர். ஓய்வு மறுக்கப்பட்ட மீன்கள் பின்னர்க் கூடுதலாக ஓய்வெடுக்க முற்பட்டதும் அதற்கு ஒரு சான்றாகும்.

மீனின் விழித்திரையில் இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. கூம்புச் செல்கள் மிகுந்த ஒளியில் நிறங்களை அறியப் பயன்படுகின்றன. குச்சிச் செல்கள் மங்கிய ஒளியில் பார்க்க உதவுகின்றன. மனிதக் கண்ணில் ஒளி மிகும்போது கண்மணி சுருங்கி விழித்திரையைக் காக்கிறது. பெரும்பாலான எலும்பு மீன்களின் கண்மணி அவ்வாறு சுருங்குவதில்லை. அதற்கு மாற்றாக அவற்றின் ஒளியுணர் செல்களே இடம்பெயர்கின்றன. இருளில் குச்சிச் செல்கள் முன்னோக்கி வருகின்றன. கூம்புச் செல்கள் பின்வாங்குகின்றன. ஒளி மிகும்போது இது தலைகீழாக நிகழ்கிறது. இம்மாற்றம் நொடிப்பொழுதில் முடிவதன்று. அரை மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம்.

இருண்ட அறையில் திடீரென விளக்கை ஏற்றினால் மீன்கள் நிலைதடுமாறிக் கண்ணாடியில் மோதுவதும், சில வேளைகளில் தொட்டிக்கு வெளியே துள்ளி விழுவதும் இதனாலேயே ஆகும். அப்போது காண்பவர் காண்பது மீனின் இரவு வாழ்க்கையை அன்று, அதன் அச்சத்தையே.

3. ஏற்ற ஒளி எது?

இரவில் மீன்களை நோக்க விரும்புவோர் மூன்றினை மனத்தில் கொள்ளல் வேண்டும். அவை ஒளியின் நிறம், ஒளியின் அளவு, ஒளி விழும் காலம் என்பன.

முதலாவது நிறம். குச்சிச் செல்கள் நீலப்பச்சை ஒளியை நன்கு உணர்கின்றன. அடர்ந்த செவ்வொளியை மிகக் குறைவாகவே உணர்கின்றன. எனவே இரவுநேர உயிர்களை நோக்குவோர் நெடுங்காலமாகச் செவ்வொளியைப் பயன்படுத்தி வருகின்றனர். ஆயினும் செவ்வொளியை மீன்களுக்கு முற்றிலும் புலப்படாத ஒளி என்று கருதிவிடல் கூடாது. பொன்மீன் போன்ற சில மீன்கள் சிவப்பு நிறத்தை உணரும் கூம்புச் செல்களைப் பெற்றுள்ளன. ஆகவே நிறம் மட்டும் போதாது.

இரண்டாவது அளவு. நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவுடையது. முழுநிலவின் ஒளி ஒரு லக்ஸில் கால்பங்கு அளவே இருக்கும். ஆற்று மீன் தன் இயற்கை வாழ்வில் காணும் மிகுதியான இரவொளி அவ்வளவுதான். தொட்டிமேல் விழும் ஒளி அதனைப் பெரிதும் மிஞ்சாதிருத்தல் நன்று. சிறிய கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி, அவ்விளக்கைச் சுவரின்மேல் திருப்பி வைத்தால், சுவரில் பட்டுச் சிதறும் மங்கிய ஒளியே தொட்டியை அடையும். மீனின் கண்ணை நோக்கி ஒளியைப் பாய்ச்சுதல் கூடாது.

மூன்றாவது காலம். மீனின் தலையில் அமைந்துள்ள பினியல் சுரப்பி தானே ஒளியை உணரும் ஆற்றல் உடையது. இருள் சூழ்ந்ததும் அது மெலட்டோனின் என்னும் இயக்குநீரைச் சுரந்து, இரவு வந்ததை உடலுக்கு உணர்த்துகிறது. கொச்சி நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே உள்ளது. அங்கு ஆண்டு முழுவதும் இரவும் பகலும் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணி நேர அளவினவே. அம்மண்ணின் மீன்கள் அந்த ஒழுங்கிற்குப் பழகியவை. அழகுக்காக விடியவிடிய எரியும் நீல விளக்கும் அவ்வொழுங்கைக் குலைக்கக்கூடும். ஆகவே நோக்கும் விளக்கைத் தேவையான பொழுதில் ஏற்றிப் பின் அணைத்துவிட வேண்டும்.

காண்பவரின் கண்ணுக்கும் ஆயத்தம் தேவை. மனிதக் கண் இருளுக்கு நன்கு பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். அதுவரை கைப்பேசியின் திரையைக் கூடப் பார்க்காமல் அமைதியாக அமர்ந்திருப்பவருக்கு, மிக மங்கிய ஒளியிலும் மீன்களின் அசைவு தெளிவாகப் புலப்படும்.

4. அந்த இரவு

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொட்டியின் விளக்கு அணைக்கப்பட்டது. அறையின் விளக்கு மேலும் அரை மணி நேரம் எரிந்தது. இயற்கையில் அந்தி மெல்லச் சாய்வதுபோல் தொட்டியிலும் இருள் படிப்படியாக வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒன்பது மணிக்கு மகளும் தந்தையாரும் தொட்டியிலிருந்து மூன்றடி தள்ளி, தரையில் பாய் விரித்து அமர்ந்தனர்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு செடிகளின் விளிம்பு தெரிந்தது. பின்னர், பகலில் ஓரிடத்தில் நில்லாத செங்கணியான்கள் செடிகளுக்கிடையே, தரைக்குச் சற்று மேலே, ஏறத்தாழ அசைவின்றி நிற்பது தெரிந்தது. அவற்றின் உடலில் ஓடும் கருங்கோடு வெளிறியிருந்தது. தோலில் உள்ள நிறமிச் செல்களில் நிறமித் துகள்கள் நடுவே ஒடுங்குவதால் பல மீன்கள் இரவில் நிறம் வெளிறுகின்றன. செவுள்மூடிகள் மெல்லத் திறந்து மூடின. மகள் ஒரு நிமிடத்தில் அவை எத்தனை முறை அசைந்தன என்று எண்ணிக் குறித்தாள்; மாலையில் எண்ணியதைவிட அது குறைவாக இருந்தது.

மரக்கட்டையின் அடியிலிருந்து மஞ்ஞக்கூரி வெளிவந்தது. மீசை போன்ற உணர்இழைகளால் தரையைத் தடவித் தடவி நகர்ந்தது. மாலையில் மீன்கள் தின்னாது விட்ட இரைத் துணுக்குகளைத் தேடித் தின்றது. செங்கணியான்களுக்கு அருகில் பலமுறை சென்றது. ஒருமுறை ஒன்றின் வயிற்றின்கீழ் ஊர்ந்து போனது. எதனையும் கடிக்கவில்லை. துரத்தவும் இல்லை.

"கூரியின்மேல் குற்றம் இல்லை, அப்பா" என்று மகள் மெல்லிய குரலில் கூறினாள்.

"இன்னும் விடியவில்லை, அம்மா" என்றார் தந்தையார்.

பதினொரு மணிக்குச் சிறுவிளக்கை அணைத்துவிட்டு இருவரும் உறங்கச் சென்றனர்.

5. விடியலுக்கு முன்

அதிகாலை நான்கரை மணிக்கு இருவரும் எழுந்து வந்தனர். செவ்வொளியில் தெரிந்த காட்சி மாறியிருந்தது. எட்டுச் செங்கணியான்களும் நீரின் மேற்பரப்பில் வாயை வைத்துத் திணறிக்கொண்டிருந்தன. செவுள்மூடிகள் விரைந்து அடித்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, நிமிர்ந்து, மீண்டும் சாய்ந்தது.

தொட்டியின் அருகே எப்போதும் கேட்கும் காற்றுக்குழாயின் இரைச்சல் அப்போது கேட்கவில்லை என்பது மகளுக்குச் சட்டென நினைவுக்கு வந்தது. முன்னறையில் உறங்கும் தாத்தா, இரைச்சல் தாளாமல் ஒவ்வோர் இரவும் அதனை நிறுத்திவிடுவது வழக்கம். காலையில் அவரே மீண்டும் இயக்கிவிடுவார். ஆகையால் பகலில் பார்த்த எவருக்கும் குறை எதுவும் தோன்றவில்லை.

மகள் ஓடிச்சென்று கையை உலர்த்திக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். குமிழிகள் எழுந்தன. விடிவதற்குள் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சாய்ந்து கிடந்த மீனே கடைசியாக இறங்கியது.

காரணம் எளியது. 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர், லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்கும். பகலில் நீர்ச்செடிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது. ஆனால் செடிகளின் சுவாசம் நிற்பதில்லை. மீன்கள், செடிகள், எஞ்சிய இரையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆகிய அனைத்தும் ஒரே நீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. எனவே கரைந்த ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்னர் மிகக் குறைந்துவிடுகிறது. விரைந்தோடும் மலைச்சிற்றாறுகளில் வாழப் பழகிய செங்கணியான் இக்குறையைத் தாங்காது.

செய்தியைக் கேட்ட தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எனக்குத் தெரியாமல் போயிற்றே, அம்மா" என்றார். அன்று மாலையே தம் கட்டிலை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டார். தந்தையார் செடிகளைக் குறைத்தார். மாலை இரையையும் குறைத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. மஞ்ஞக்கூரி மரக்கட்டையின் அடியிலேயே இருந்தது.

6. இருவகை விளக்குகள்

மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சிக் கோட்டைக் கரையில் சீன வலைகள் வரிசையாக நிற்கின்றன. இரவில் அவ்வலைகளுக்கு மேலே விளக்கைத் தொங்கவிட்டு, ஒளியை நாடி வரும் மீன்களைப் பிடிப்பது உண்டு. கடலில் மிகுந்த செயற்கை ஒளியைப் பாய்ச்சினால் பெரிய மீன்களோடு குஞ்சுகளும் திரளாக ஈர்க்கப்படும். இந்திய அரசு 2017ஆம் ஆண்டில், தன் பொருளாதாரக் கடற்பரப்பில் அவ்வாறு மீன்பிடிப்பதைத் தடைசெய்தது.

பிடிப்பதற்கான விளக்கு மீனைத் தன்பால் இழுக்கிறது. அறிவதற்கான விளக்கு மீனை அதன் இடத்திலேயே விட்டுவைக்கிறது. முன்னதற்கு ஒளி மிக வேண்டும். பின்னதற்குப் பொறுமை மிக வேண்டும். ஓர் உயிரை அதன் போக்கிலேயே விட்டு நோக்குபவருக்கே, அதன் குறையும் தேவையும் தெரியவரும்.

தெரிந்து தெளிவோம்

செங்கணியான் 'மிஸ் கேரளா' என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படும் அழகுமீன். கொச்சியில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே 1865ஆம் ஆண்டில் இதனை விவரித்து, அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். கேரளம், தென்கருநாடகம் ஆகியவற்றின் மலையாறுகளிலன்றி வேறெங்கும் இயற்கையில் காணப்படாத இம்மீன், அழியும் நிலையில் உள்ள உயிரினமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஆதலால் பண்ணையில் வளர்ந்த மீன்களையே வாங்குதல் வேண்டும்.

கோட்டயம் பகுதிக் கிணறுகளில் கண்ணே இல்லாத சிறு கெளிற்றுமீன் ஒன்று வாழ்கிறது. நிலத்தடி நீரின் நிலையான இருளில் வாழும் இம்மீனை 1950ஆம் ஆண்டில் மேனன் என்னும் விலங்கியலாளர் விவரித்தார்.

சொற்பொருள்

திங்கள் – மாதம்
ஐயம் – சந்தேகம்
கண்ணேறு – திருஷ்டி
இசைந்தார் – உடன்பட்டார்
இயக்குநீர் – ஹார்மோன்
பாகை – டிகிரி
உணர்இழை – மீனின் வாயருகே உள்ள தொடுவுணர்வு உறுப்பு
செவுள் – மீனின் சுவாச உறுப்பு

இலக்கணக் குறிப்பு

இமையா விழிகள் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
செவ்வொளி – பண்புத்தொகை
இரவும் பகலும் – எண்ணும்மை
தடவித் தடவி – அடுக்குத்தொடர்
கண்டு – வினையெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

அறிந்தனர் = அறி + த்(ந்) + த் + அன் + அர்
அறி – பகுதி. த் – சந்தி, 'ந்' ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

அ. பலவுள் தெரிக.

1. இருளில் மீனின் விழித்திரையில் முன்னோக்கி வருவன
அ) கூம்புச் செல்கள் ஆ) குச்சிச் செல்கள் இ) நிறமிச் செல்கள் ஈ) இரத்தச் செல்கள்

2. தொட்டி நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறையும் வேளை
அ) நண்பகல் ஆ) மாலை இ) முன்னிரவு ஈ) விடியலுக்கு முன்

3. செங்கணியானை 1865ஆம் ஆண்டில் விவரித்தவர்
அ) மேனன் ஆ) டெனிசன் இ) பிரான்சிஸ் டே ஈ) கொச்சி அரசர்

ஆ. பிரித்து எழுதுக.

செவ்வொளி, விடியற்காலை, கண்ணாடித்தொட்டி, மரக்கட்டை

இ. குறுவினா

1. மீன்கள் உறங்குவதில்லை எனப் பலர் எண்ணுவது ஏன்?
2. செவ்வொளியையும் மங்கலாகவே பயன்படுத்த வேண்டும் என்பதற்குக் காரணம் யாது?
3. மஞ்ஞக்கூரியின்மேல் தந்தையார் ஐயம் கொண்டது ஏன்?

ஈ. சிறுவினா

1. திடீரென விளக்கை ஏற்றினால் மீன்கள் நிலைதடுமாறுவதன் காரணத்தை விளக்குக.
2. "பகலில் பார்த்த எவருக்கும் குறை எதுவும் தோன்றவில்லை" – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

உ. நெடுவினா

1. மீன்களின் இறப்புக்குப் பாட்டியும் தந்தையாரும் மகளும் கண்ட காரணங்களை ஒப்பிட்டு, உண்மையை அறியும் முறை குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.

கற்பவை கற்றபின்

வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள மீன்தொட்டியை, பெரியவர் ஒருவர் உடனிருக்க, இரவில் நோக்குக. மாலை 6 மணி, இரவு 9 மணி, அதிகாலை 5 மணி ஆகிய மூன்று வேளைகளில் கீழ்க்காண்பவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்க.

1. மீன் நிற்கும் இடம் (மேற்பரப்பு, நடுப்பகுதி, தரை)
2. உடலின் நிறம் (அடர்ந்தது, வெளிறியது)
3. ஒரு நிமிடத்தில் செவுள்மூடி அசையும் எண்ணிக்கை
4. பிற மீன்களுடன் நடந்துகொள்ளும் முறை

கண்ணாடியைத் தட்டுதல், பளிச்சிடும் ஒளியுடன் படம் எடுத்தல், ஈரக்கையால் மின்கருவிகளைத் தொடுதல் ஆகியவற்றைத் தவிர்க்க. தொட்டியின் மூடி மூடப்பட்டுள்ளதா எனப் பார்த்துக்கொள்க. கண்டதை மட்டும் எழுதுக. எண்ணியதைத் தனியே எழுதுக.